வலம்புரியும் இல்லை... இடம்புரியும் இல்லை! - ஒரு கடல் நத்தையின் 200 ஆண்டுப் பஞ்சாயத்து

பூஜையறையில் இருக்கும் சங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதுவும் ஒரு கடல் நத்தையின் வீடுதான். பெரும்பாலும் இடம்புரி, அபூர்வமாகக் கிடைத்தால் வலம்புரி. ஆனால், எந்தப் பக்கமும் சாயாமல், யானை துதிக்கையைச் சுருட்டியதுபோல நடுவாகச் சுருண்ட ஓடுகளும் ஒரு காலத்தில் கடலில் இருந்தன. அவற்றின் பெயர் பெல்லரோஃபோன்.

சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இந்த இனம், 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த மாபெரும் பேரழிவிலும் தப்பிப் பிழைத்தது. அதன் பிறகு டிரையாசிக் காலத்தில் பூண்டோடு மறைந்தது. கல்லாகிப்போன ஓடுகள் உலகெங்கும் கிடைக்கின்றன. ஆனால், உள்ளே வாழ்ந்தது யார்?

1808-ல் பிரெஞ்சு அறிஞர் மோன்ஃபோர், பறக்கும் குதிரையில் ஏறிய கிரேக்க வீரனின் பெயரை இதற்குச் சூட்டினார். நத்தை என்று அல்ல, கணவாயின் உறவு என்று நினைத்து!

உடம்பைத் திருகும் நத்தை

நத்தைகளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. குட்டிப் பருவத்திலேயே உடலின் மேல்பாகம் 180 டிகிரி திரும்பிவிடும். பின்னால் இருக்கவேண்டிய கழிவு வாசல் தலைக்கு மேலே வந்துவிடும். இந்தத் திருகல் இருந்தால்தான் அது நத்தை.

பெல்லரோஃபோன் ஓட்டின் வாயில் ஒரு பிளவு இருக்கிறது. இன்றும் ஆழ்கடலில் வாழும் பிளவுச்சங்குகள், இப்படிப்பட்ட பிளவு வழியாகத்தான் கழிவுநீரை வெளியேற்றுகின்றன. 'அப்படியானால் இதுவும் நத்தைதான்' என்றது ஒரு தரப்பு.

உயிரோடு வந்த சாட்சி

1952-ல் டென்மார்க்கின் 'கலதியா' கப்பல், கோஸ்டா ரிகா அருகே 3,500 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து சில சிறு உயிர்களை அள்ளிவந்தது. 1957-ல் அவற்றுக்கு நியோபிலினா என்று பெயரிட்டார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட வேறொரு மெல்லுடலி வகை அது. ஓடு இருந்தது, திருகல் இல்லை. உடலை ஓட்டோடு பிணைக்கும் தசைகள் 8 ஜோடி!

'பெல்லரோஃபோனும் திருகாத இந்த வகைதானோ?' என்று எதிர்த்தரப்பு கேட்டது. தசை ஒட்டியிருந்த தழும்புகளைத் தேடி ஓடுகளின் உட்புறத்தை ஆராய்ந்தார்கள். சிலவற்றில் ஒரே ஜோடி இருந்தது, நத்தைக்குச் சாதகமாக. வேறு சில ஓடுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒரே மாதிரி ஓட்டுக்குள் இரண்டு வேறு குடும்பங்கள் குடியிருந்திருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது.

2005-ல் நத்தைக் குடும்பங்கள் அனைத்தையும் புதிதாகப் பட்டியலிட்டபோது, பெல்லரோஃபோனை 'இடம் உறுதியாகாதவை' என்ற பிரிவில் வைத்தார்கள். இந்த விடை கிடைத்தால்தான், நத்தைகள் எப்போது முதன்முதலாக உடலைத் திருகின என்பதும் தெளிவாகும்.

வீடு அப்படியே இருக்கிறது. குடியிருந்தவரின் விலாசம்தான் இன்னும் எழுதப்படவில்லை!