உங்களுக்குத் தெரியுமா? ஜாவா பெரணிக்கு மண்ணே வேண்டாம்

செடி என்றால் மண்ணில் ஊன்ற வேண்டும் என்ற பழக்கத்தில், மீன் தொட்டிக்கு வாங்கிவந்த ஜாவா பெரணியையும் பலர் சரளைக்கல்லுக்குள் புதைத்துவிடுகிறார்கள். செடி அழுகிச் சாவதற்கு முக்கியக் காரணம் அதுதான். தென்கிழக்கு ஆசியாவின் ஓடைக்கரைகளில் இது பாறையிலும் மரவேரிலும் ஒட்டி வளரும். இலைகள் கிளம்பும் பச்சைத் தண்டின்மேல் தண்ணீர் தாராளமாக ஓட வேண்டும். கல்லுக்கடியில் போனால் அழுகும். கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டிவிடுங்கள், நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.

மண்ணில்லாமல் சத்துக்கு எங்கே போகும் என்று கேட்பது நியாயம்தான். மீன் கழிவிலிருந்து நீரில் கரையும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளை இலைகளே உறிஞ்சிக்கொள்கின்றன. தொட்டிகளில் வளர்க்கும் இன்னொரு செடியான ஜாவா மாஸுக்கோ உண்மையான வேரே கிடையாது, ஆனாலும் செழிக்கிறது. மீன் குறைவான தொட்டியில் மட்டும் திரவ உரம் சிறிது தேவைப்படலாம். இலையின் அடியில் கரும்பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், நோய் என்று கிள்ளி எறியாதீர்கள்: பூக்காத இந்தச் செடியின் ஸ்போர்கள் அங்கேதான் உருவாகின்றன. நீருக்குள் இது பெருகுவது பெரும்பாலும் வேறு வழியில். ரணகள்ளி இலையில் முளைப்பதுபோல, முதிர்ந்த இலையின் நுனியில் மெல்லிய கருவேர்களோடு குட்டிச்செடிகள் கிளம்பும். இரண்டு மூன்று இலை விட்டதும் மெல்லப் பிரித்து இன்னொரு கல்லில் கட்டலாம். மெதுவாக வளர்வதால் இலைமேல் பாசி படிகிறது என்பது உண்மையான குறை. விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தால் அதுவும் கட்டுப்படும், ஏனெனில் இந்தப் பெரணிக்கு மங்கலான வெளிச்சமே போதும்.