அச்சுத் தண்டும் அளவுகோலும்

மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோம் என்று வள்ளுவர் அரசர்க்கு அறிவுறுத்தினார். மாட்டு வண்டியைக் கண்டு அவர் கூறிய உண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். ஆயின், மோட்டார் வண்டியின் அச்சு முறிவதற்குப் பாரம் ஒன்றே காரணமன்று. அளவறியாது வெட்டுவதும் காரணமாகும். "பின்ன எண்களையும் வேர்னியர் அளவியையும் கற்பதனால் யாம் அடையும் பயன் யாது?" என்று மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடையாக, வண்டியின் பின்னச்சைக் குறுக்கும் தொழிலை இம்மலரிலே விளக்க முற்படுகின்றோம்.

இத்தொழில் செழித்த இடம் அமெரிக்க நாடு. பழைய வண்டிகளில் வலிய எந்திரங்களைப் பூட்டி, நேர்பாதையில் கால் மைல் ஓட்டிப் போட்டியிடும் வழக்கம் இரண்டாம் உலகப் போரின் பின்னர் அங்கே பெருகியது. அப்போட்டிகளை ஒழுங்குபடுத்தும் தேசிய ஹொட் ரொட் சங்கம் 1951ஆம் ஆண்டில் தோன்றியது. எந்திரம் எத்துணை வலியதாயினும், சில்லு நிலத்தைப் பற்றாது வழுக்குமாயின் அவ்வலிமை வீணே. நன்கு பற்றுவதற்கு அகன்ற ரயர் வேண்டும். அகன்ற ரயரைப் பூட்டினாலோ, அது மட்கார்ட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும். ஆகவே, சில்லுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் பொருட்டு, அச்சுக் கூட்டையும் அதனுள் ஓடும் தண்டுகளையும் குறுக்குகின்றனர்.

பின்னச்சின் அமைப்பை முதலில் நோக்குவோம். நடுவிலே டிபரென்சல் எனப்படும் பல்லிணைத் தொகுதி உளது. அதன் இருபுறமும் இரு குழாய்கள் நீண்டிருக்கின்றன. இவை யாவும் சேர்ந்ததே கூடு. ஒவ்வொரு குழாயினுள்ளும் ஒரு தண்டு செல்கின்றது. தண்டின் வெளி முனையிலுள்ள வட்டத் தட்டில் சில்லு பூட்டப்படும். உள் முனையில் நெடும்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இவற்றை ஸ்பிளைன் என்பர். இவை டிபரென்சலின் பக்கப் பற்சில்லினுள் நுழைந்து அதனோடு சேர்ந்து சுழலும். போர்ட் நிறுவனம் 1957ஆம் ஆண்டு வண்டிகளில் அறிமுகப்படுத்திய ஒன்பது அங்குல அச்சு, இவ்வேலைக்குப் பெரிதும் விரும்பப்படுவதாகும். ஒன்பது அங்குலம் என்பது அதன் பெரிய பற்சில்லின் விட்டம்.

இனி அளக்கும் முறை. வண்டி தன் முழுப் பாரத்துடன் நிலத்தில் நிற்கும்போதே அளத்தல் வேண்டும். உயர்த்தி வைத்து அளந்தால் கணக்குப் பிழைக்கும். ரயரைச் சில்லிற் பூட்டிக் காற்றடித்த பின்னர், அதன் பக்கம் எங்கே மிகப் புடைத்திருக்கின்றதோ அங்கே அகலத்தை அளக்க வேண்டும். நிலத்திற் படியும் பகுதியை மட்டும் அளந்து ஏமாந்தோர் பலர்.

ஓர் உதாரணம் காட்டுவோம். இரு மட்கார்ட்டுகளின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம் 60 அங்குலம் எனக் கொள்க. பக்கத்துக்கு ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் இரு ரயர்களின் வெளிப்புறங்களுக்கு இடையே 58 அங்குலம் எஞ்சும். ரயரின் வெளிப்புறத்திலிருந்து சில்லுப் பூட்டும் முகம் வரை 7 அங்குலமாயின், இருபுறத்துக்கும் 14 அங்குலத்தைக் கழிக்க, 44 வரும். சில்லுக்கும் தண்டின் தட்டுக்கும் இடையில் பிரேக் டிரம்மின் தகடு உளது. அதன் கனம் 1/8 அங்குலமாயின், இருபுறத்துக்கும் 1/4 கழிய, தட்டுக்குத் தட்டு 43 3/4 அங்குலமாகும். தட்டு முகத்திலிருந்து கூட்டின் முனை வரை பிரேக்குக்கு வேண்டிய இடம் பக்கத்துக்கு 2 1/2 அங்குலமாயின், கூட்டின் நீளம் 38 3/4 அங்குலம் என முடிவாகும். உட்புறத்தையும் மறத்தலாகாது. ரயரின் அகலம் 12 அங்குலமாயின், உட்புறங்களுக்கு இடையே 34 அங்குலமே உண்டு. வண்டியின் சட்டமும் வில்லுகளும் போதிய இடைவெளியுடன் அதற்குள் அடங்க வேண்டும்.

குறைக்க வேண்டிய நீளத்தை இருபுறமும் சமமாகப் பங்கிட்டு விடுதல் எப்போதும் பொருந்தாது. போர்ட்டின் இவ்வச்சிலே இரு தண்டுகளும் இயல்பாகவே சம நீளமுடையன அல்ல. எந்திரத்திலிருந்து வரும் நெடுந்தண்டு எவ்விடத்தில் வந்து சேர வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்து, அதற்கேற்ப ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கணக்கிடுதல் வேண்டும்.

கூட்டின் முனைகளை அறுத்து மீண்டும் ஒட்டும்போது, டிபரென்சலின் தாங்கிகள் அமரும் இடங்களினூடாகவும் முனைகளினூடாகவும் ஒரு நேரான உருக்குக் கோலைச் செலுத்தி வைப்பர். ஒட்டின் வெப்பம் தணியும்போது உலோகம் சுருங்கிக் குழாயை ஒருபக்கம் இழுக்கும். ஆதலின் சிறிது சிறிதாக, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி ஒட்டி, ஆறவிட்டு, கோல் தடையின்றிச் சுழல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். கூடு வளைந்திருப்பின் தண்டு ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்ந்து, நாளடைவில் களைத்து முறியும்.

கூடு முற்றாக ஒட்டி முடிந்த பின்னரே தண்டின் நீளத்தை அளத்தல் வேண்டும் என்பது யாம் வற்புறுத்த விரும்பும் விதி. காகிதத்திற் கணித்த நீளம் வேறு. ஒட்டியபின் உள்ள நீளம் வேறு. டிபரென்சலை அதனிடத்தில் வைத்து, வெளித் தாங்கி அமரும் முகத்திலிருந்து உள்ளே அளக்க வேண்டும். பற்கள் பக்கப் பற்சில்லை முழுமையாகப் பற்ற வேண்டும். ஆயினும் தண்டின் நுனி நடுவிலுள்ள குறுக்கு முளையைத் தொடலாகாது. நீண்டால் முளையில் இடிக்கும். குறுகினால் சில பற்களே முழுச் சுமையையும் தாங்கும்.

அச்சுமை எவ்வளவு? எந்திரத்தின் முறுக்கம் 400 இறாத்தல்-அடி எனவும், முதற் கியர் 2 1/2 மடங்கு எனவும், பின்னச்சு 4 மடங்கு எனவும் கொண்டால், 4000 இறாத்தல்-அடி கிடைக்கும். தண்டொன்றுக்கு அதிற் பாதி. ஒரு சில்லு பிடித்து மற்றது வழுக்குங்கால், சில அமைப்புகளில் ஒரே தண்டு பாதிக்கு மேலும் தாங்க நேரிடும்.

எல்லாத் தண்டுகளையும் குறுக்கிப் பயன்படுத்தல் இயலாது. பல தண்டுகள் நடுப்பகுதியில் மெலிந்தவை. அவ்விடத்தில் அறுத்தால், புதிய பற்களை வெட்டுதற்கு வேண்டிய பருமன் இராது. 31 பற்களுடைய தண்டுக்கு ஏறக்குறைய 1.32 அங்குல விட்டம் வேண்டும். 28 பற்களுடையதற்கு ஏறக்குறைய 1.2 அங்குலம். வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் முறுக்கலைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதமாதலின், முன்னையது மூன்றில் ஒரு பங்கு அதிக வலிமையுடையது. மேலும், பல தண்டுகளின் மேற்பரப்பு மின்தூண்டல் முறையால் வன்மையாக்கப்பட்டது. சாதாரண வெட்டுளி அதிற் செல்லாது. சூடாக்கி மென்மையாக்கினால், மீண்டும் வன்மையாக்காமல் பயன்படுத்தலாகாது. ஆகவே, குறித்த நீளத்திற்குப் புதிய தண்டுகளைச் செய்விப்பதே பலரின் வழக்கம்.

சிலர் தண்டின் நடுவில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, இரு பாதிகளையும் ஒட்டிவிடுவர். இதனை யாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். முறுக்கலின்போது தகைப்பு மிகுவது மேற்பரப்பில். ஒட்டு வெப்பத்தால் நொய்ம்மையுறுவதும் அவ்விடமே. உள் முனையில் சிறு கொளுவியால் தண்டைப் பிடித்து வைக்கும் அச்சுகளில், முறிந்த தண்டு சில்லுடன் கூட்டை விட்டு வெளியே கழன்று ஓடவும் கூடும். போர்ட்டின் ஒன்பது அங்குல அச்சில் வெளித் தாங்கியே தண்டைப் பிடித்திருத்தலின் அவ்வாபத்துக் குறைவு. அதனை விரும்புவதற்கு இஃதும் ஒரு காரணம்.

மாணவர்காள்! தண்டு கூட்டினுள் மறைந்திருப்பது. அதனைப் பூட்டியவன் செய்த பிழை ஓட்டுபவன் கண்ணுக்குப் புலப்படாது. முறியும் கணத்திலேதான் புலப்படும். நீண்ட தண்டைக் குறுக்கலாம்; குறுகிய தண்டை வளர்க்கும் வித்தையை எவரும் கண்டிலர். விஞ்ஞான கூடத்தில் ஓர் அளவை மூன்று முறை எடுத்துக் குறிக்கும்படி ஆசிரியர் பணித்தபோது யாமும் சலித்ததுண்டு. அப்பணிப்பின் பொருள், ஓர் உயிர் எமது அளவை நம்பி வண்டியில் ஏறும்போதுதான் விளங்கும்.