அப்பாவின் இசை, மகனின் கச்சேரி

அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா 1993இல் இறந்தபோது அவருக்கு வயது 52. ராக், ஜாஸ், நையாண்டி எல்லாம் கலந்த அவரது இசை, தேர்ந்த வாத்தியக்காரர்களுக்கே தண்ணி காட்டும்.

மகன் டுவீஸில் ஏற்கெனவே பெயர்பெற்ற கிட்டார் கலைஞர்தான். ஆனாலும் அப்பாவின் இசையை மேடையேற்ற, விரல் பழக்கத்தையே மாற்றிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் சாதகம் செய்தார். மற்ற வாத்தியங்களுக்கு எழுதிய சிக்கலான பகுதிகளையும் கிட்டாரில் கொண்டுவந்தார். 2006இல் 'ஸாப்பா ப்ளேஸ் ஸாப்பா' என்ற பெயரில் கச்சேரிகள் தொடங்கின. அப்பாவின் 'பீச்சஸ் என் ரெகாலியா' என்ற இசைப் படைப்பை வாசித்ததற்காக 2009இல் கிராமி விருது.

அப்புறம் குடும்பச் சண்டை. 2016இல் 'ஸாப்பா ப்ளேஸ் ஸாப்பா' என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று குடும்ப அறக்கட்டளையோடு தகராறு. அப்பா பாட்டை வாசிக்க அப்பா பெயரே இடைஞ்சல்! டுவீஸில் அசரவில்லை, 'நிறுத்து' என்னும் சட்ட நோட்டீஸையே அடுத்த சுற்றுப்பயணத்தின் தலைப்பில் கேலியாகச் சேர்த்துக்கொண்டார்.