80 லிட்டர் வீடு

பம்ப் 'டொக் டொக்' என்று வெறுங்காற்றை இழுக்க ஆரம்பித்தபோது என் மகன் தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை, கத்தினான். புக்காக்கி ஏரிக்கரையில் எங்கள் இரண்டாம் நாள் சாயங்காலம் அது. ஐந்து பேர், ஒரு கேம்பர்வேன், அதன் வயிற்றில் 80 லிட்டர் நல்ல தண்ணீர். ஒன்றரை நாளில் தீர்த்துவிட்டோம்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவு. கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, டெக்காப்போ, அவோராக்கி மலை, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கரை, ஆர்தர்ஸ் கணவாய் என்று சுற்றித் திரும்பவும் கிறைஸ்ட்சர்ச். எட்டு நாள். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் எனக்குப் பயமில்லை. கவனம் வேண்டியது ஒற்றைவழிப் பாலங்களில். பலகையில் நம் பக்கத்து அம்பு சின்னதாய்ச் சிவப்பில் இருந்தால், எதிரே வருபவர் போகும்வரை நிற்க வேண்டும். எல்லோரும் நிற்கிறார்கள்.

கட்டணமில்லாத முகாம் இடங்கள் பலவற்றில், கழிப்பறை பொருத்திச் சான்று பெற்ற வண்டிகள்தான் இரவு தங்கலாம். வெளியிலிருந்து தண்ணீர் பிடிக்காமல், கழிவை வெளியே விடாமல் மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் வண்டிக்கே அந்தச் சான்று. அதற்கான கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர். பாத்திரம் கழுவிய தண்ணீர்கூட மண்ணில் விழக்கூடாது. அதற்கென்று இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திக் குழாய் மாட்டித்தான் இறக்க வேண்டும். 80 லிட்டரை ஐந்தால் வகுத்துப் பார்த்தபோதுதான் நாங்கள் எப்படிச் செலவழித்திருக்கிறோம் என்று உறைத்தது.

அன்றைக்கு அம்மாதான் சட்டியோடு ஏரிக்கு இறங்கினாள். எழுபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமத்தில், கோடையில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியவள். ஐஸ் போலிருந்த தண்ணீரைப் பேரன் தலையில் ஊற்றிவிட்டு, சட்டியை உற்றுப் பார்த்தாள். "எய்யா, இது அரிசி களைஞ்ச தண்ணியால்லா இருக்கு!"

உண்மைதான். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும் நீலப்பச்சை; சட்டியில் மொண்டால் கலங்கல். மேலே பனியாறுகள் மலையை ஆட்டுக்கல் மாதிரி அரைத்துக்கொண்டே இறங்குகின்றன. அந்தக் கல்மாவு அத்தனை பொடி என்பதால் சீக்கிரம் அடியில் படியாது, நீரிலேயே மிதக்கும். வெயில் அந்தத் துகள்களில் பட்டுச் சிதறுவதால்தான் ஏரிக்கு அந்த நிறம். மகள் ஒரு டம்ளரில் அதை மொண்டு ஜன்னலோரம் வைத்தாள். காலையில் பார்த்தால் டம்ளரின் அடியில் கோலமாவை விரல்நுனியால் தீற்றியதுபோல் மெல்லிய படலம். நேரே எதிரில் 3,724 மீட்டர் உயர அவோராக்கி. அந்த மலைத்தொடரின் பொடியை டம்ளரில் பார்த்துக்கொண்டே காபி குடித்தோம்.

மாவோரிகளில் நாய் தாஹு மக்களுக்கு அவோராக்கி மூதாதை. வானத்தின் பிள்ளைகள் தோணியில் வந்தார்கள், தோணி தட்டிச் சாய்ந்தது, ஏறி நின்ற அண்ணன் தம்பிகள் கல்லாய் உறைந்து மலைகளானார்கள், தோணியே தெற்குத் தீவானது என்பது அவர்கள் சொல்லும் கதை. பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துப்போனது. அவர்களும் ஒரு தோணிக்குள்தானே இருந்தார்கள்.

மறுநாள் டாஸ்மன் பனியாற்றைப் பார்க்க முன்னூற்றுச் சொச்சம் படிகள். பழனி ஏறிய கால் என்று சொல்லிக்கொண்டே அம்மா ஏறிவிட்டாள். மேலே நின்றால் கீழே சாம்பல் நிற ஏரி, அதில் மிதக்கும் பனிப்பாளங்கள். அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த ஏரியே கிடையாது. 1970களின் தொடக்கத்தில் குட்டைகளாய் இருந்து, பிறகு ஒன்றாய்ச் சேர்ந்த தண்ணீர் அது. 2011 பிப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச்சை உலுக்கிய நிலநடுக்கத்தில் பனியாற்றின் முகப்பிலிருந்து சுமார் 3 கோடி டன் பனி உடைந்து ஏரிக்குள் விழுந்திருக்கிறது. இதைச் சொன்னதும் மகள் வெகுநேரம் பேசவில்லை. எனக்கும் அதை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு வர மனமில்லை.

வனாக்காவைத் தாண்டி ஹாஸ்ட் கணவாயில் ஏறினோம். 562 மீட்டர்தான் உயரம். ஆனால் மேற்குக் கரையோரச் சாலையோடு இந்த வழி முழுதாய் இணைந்ததே 1965இல்தான். அம்மா ஜன்னலைத் திறந்து, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கணவாயை நினைத்து, "ஆரியங்காவு வந்துட்டு" என்றாள். அதைவிடச் சரியாய் யாரும் சொல்லிவிட முடியாது. மேற்கிலிருந்து வரும் மேகத்தை மலை மறித்து அந்தப் பக்கமே கொட்டவைக்கிறது; இந்தப் பக்கம் மழைமறைவு. டெக்காப்போவில் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான் மழை. மேற்கே க்ராப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 11 மீட்டர்! காய்ந்த புல்வெளி போய், பாசி தொங்கும் மழைக்காடு வந்தது.

ஃபாக்ஸ் பனியாற்று ஊரில் இரவெல்லாம் மழை. கூரைத் தகரத்தில் அது விழும் சத்தத்தைக் கேட்டபடி ஐந்து பேரும் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படப் படுத்திருந்தோம். அம்மா மட்டும் எழுந்து போய், பெரிய சட்டியை வாசல் படியருகே வைத்துவிட்டு வந்தாள். காலையில் பாத்திரம் கழுவியது அந்தத் தண்ணீரில்தான்.

ஆர்தர்ஸ் கணவாயில் கியா கிளிகள் வண்டிக் கண்ணாடியின் ரப்பரை உரித்ததைப் பிள்ளைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர் அளவு காட்டும் விளக்கை அதற்குள் மகள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தாள். காலையும் மாலையும் பார்த்து நோட்டில் குறிப்பாள். அடுத்த முறை நிரப்பிய 80 லிட்டர் மூன்று நாள் வந்தது. அதற்கடுத்தது மூன்றரை நாள்.

வண்டியை ஒப்படைக்கும் நாள். தொட்டியில் கொஞ்சம் நல்ல தண்ணீர் மிச்சம் இருந்தது, திறந்துவிடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டி சட்டியாகப் பிடித்து, முகாமின் வேலியோரம் நின்ற செடிகளுக்குத் தூரில் ஊற்றினாள். ஆறு சட்டி. பேரனும் பேத்தியும் ஆளுக்கொரு பக்கம் சட்டியைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடந்தார்கள்.