மானியைச் சோதிக்கும் யந்திரம்

திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில், நகரத்துக்குச் சில மைல் அப்பால் இருக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுள், ஏழு கிணறுகளிலும் கையை விட்டுப் பார்த்து, இது அதைவிடச் சூடு, அது இதைவிடச் சூடு குறைவு என்று தீர்ப்புக் கூறாமல் திரும்பியவர் அநேகமாக ஒருவரும் இரார். தாயின் அந்தியேட்டிக்குத் தண்ணீர் வேண்டி இராவணன் வாளால் குத்திய ஏழு இடங்கள் அவை என்பது ஐதிகம்; அதில் அபிப்பிராய பேதமில்லை. சூட்டைப் பற்றித்தான் கூட வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவரும் பொய்யர் அல்லர். அதிகச் சூடான கிணற்றிலிருந்து எடுத்த கை அடுத்த கிணற்றைக் குளிர்ச்சி என்று சொல்லும். அதே கிணற்றைச் சூடு குறைந்த பக்கத்திலிருந்து அணுகிய கை சூடு என்றே சொல்லும்.

கை தான் வந்த வழியை மறப்பதில்லை. கருவி மறந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கை பூரணமான உண்மையன்று. சூடேறிய வெப்பமானியின் கண்ணாடிக் குமிழ், குளிர்ந்த பின்னரும் தன் பழைய பருமனுக்கு உடனே திரும்புவதில்லை. அழுத்தமானியின் உள்ளே இருக்கும் வளைந்த உலோகக் குழாய், அழுத்தம் ஏறும்போது ஓர் எண்ணையும் இறங்கும்போது சற்றே வேறான எண்ணையும் காட்டும். ஆகவே கருவியையும் யாராவது பரீட்சித்துப் பார்த்தாக வேண்டும். அந்தப் பரீட்சையையே அளவுத்திருத்தம் என்கிறோம். ஆய்வுகூடங்களில் வேலை செய்பவர்கள் கலிபிரேஷன் என்பார்கள். பெயரில் திருத்தம் இருப்பினும், அதன் சாரம் திருத்துவதன்று. நம்பத்தக்க பிரமாணம் ஒன்றோடு கருவியை ஒப்பிட்டு, அது எவ்வளவு பிழையாகச் சொல்கிறது என்பதையும், அந்தப் பிழையை நாம் எவ்வளவு நிச்சயமாக அறிந்திருக்கிறோம் என்பதையும் எழுதிவைப்பதே.

இது விஞ்ஞானிகளின் அதிசிரத்தை என்று நினைப்பவர்கள், கன்னியாவிலிருந்து துறைமுகத்தின் மறுபக்கத்துக்கு வந்து சீனக்குடாவைப் பார்க்கட்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னரே பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்கள் அங்கே காட்டுக்குள் நிற்கின்றன. 99 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளத்தக்கது. டீசல் சூடேறினால் பெருகும். ஆதலால் வியாபாரத்தில் அதன் பருமனை 15 பாகை செல்சியசில் எவ்வளவு இருக்கும் என்று கணித்தே கொடுக்கல் வாங்கல் நடைபெறுகிறது. ஒரு பாகைக்கு 10,000 லீற்றரில் சுமார் 8 லீற்றர் என்ற வீதத்தில் அது பெருகுவதால், 12,000 கன மீற்றர் டீசல் நிறைந்த ஒரு குதத்தில் வெப்பமானி ஒரே ஒரு பாகை பிழையாகச் சொன்னால், கணக்கில் ஏறக்குறைய 10,000 லீற்றர் தோன்றிவிடும் அல்லது மறைந்துவிடும். ஒருவரும் திருடவில்லை, ஒன்றும் ஒழுகவில்லை. ஆயினும் எண்ணெய் குறைகிறது! அதே கரையில் இயங்கும் மா ஆலையில் கோதுமையின் ஈரப்பதத்தையும், சீமெந்து ஆலையில் மாதிரிக் கட்டிகள் நொறுங்கும் பாரத்தையும் அளக்கும் கருவிகளின் கதையும் வேறன்று.

ஒப்பிடுவதற்குரிய பிரமாணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நம்மை ஒரு சங்கிலியின் வழியே அழைத்துச் செல்கிறது. ஆலையின் வெப்பமானி ஆய்வுகூடத்தின் மேலான வெப்பமானியோடும், அது தேசிய நியமத்தோடும் ஒப்பிடப்படுகின்றன. இலங்கையில் அந்த நியமங்களைப் பேணும் பொறுப்பு, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்துக்கு உரியது. அதன் ஆய்வுகூடம் ஹோமாகமையில் இருக்கிறது. சங்கிலியின் உச்சியில் ஒரு மனிதனும் இல்லை, சில பதார்த்தங்களின் சுபாவமே இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் சர்வதேச வெப்பநிலை அளவுத்திட்டத்தின்படி, நீரும் பனிக்கட்டியும் நீராவியும் ஒருங்கே நிலைபெறும் புள்ளி 0.01 பாகை, தூய கல்லியம் என்னும் உலோகம் உருகும் புள்ளி 29.7646 பாகை. வைகாசி மாதத்து நண்பகலில் திருகோணமலைக் கடற்கரையில் வைத்தால் தானே உருகிவிடக்கூடிய இந்த உலோகம், நான்கு தசம தானங்கள்வரை பிறழாமல் சாட்சி சொல்வது எனக்கு என்றும் வியப்பே.

இந்த ஒப்பீட்டைக் கையால் செய்வது எளிது. நன்றாகச் செய்வது கடினம். கலக்கப்பட்டுக்கொண்டிருக்கும் திரவத் தொட்டி ஒன்றில் பிரமாண வெப்பமானியையும் சோதனைக்குரிய வெப்பமானியையும் அருகருகே அமிழ்த்தி, தொட்டியை ஒரு வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, அது அசையாமல் நிலைக்கும்வரை காத்திருந்து, இரண்டையும் வாசித்து, எழுதி, அடுத்த வெப்பநிலைக்குப் போய், உச்சிவரை ஏறி, மீண்டும் அதே படிகளால் இறங்க வேண்டும். பெரும்பாலும் பிழை புகுவது அந்தக் காத்திருப்பில்தான். மத்தியான உணவுக்கு நேரமாகிவிட்டது, தொட்டி அநேகமாக நிலைத்துவிட்டது என்று மனம் சொல்லும். கண்ணும், இரு கோடுகளுக்கு இடையில் நின்ற அளவைத் தன்னை அறியாமலே பூச்சியத்துக்கோ ஐந்துக்கோ தள்ளி வாசிக்கும். கடமையுணர்ச்சி மிக்க உத்தியோகத்தருக்கும் இந்தப் பலவீனம் உண்டு.

யந்திரத்திடம் இந்த வேலையை ஒப்படைக்கும் எண்ணம் புதிதன்று. ஆயினும் ஒவ்வொரு கம்பனியின் கருவியும் தனக்கென ஒரு பாஷை பேசிக்கொண்டிருந்த காலத்தில் அது இலகுவாக இருக்கவில்லை. ஹியூலெட் பக்காட் கம்பனி தன் கருவிகளை இணைக்க வகுத்துக்கொண்ட முறை 1975இல் ஐஈஈஈ 488 என்ற பொது நியமமாக அங்கீகரிக்கப்பட்ட பின்னர், ஒரே இணைப்பில் பதினைந்து சாதனங்கள்வரை ஒன்றோடொன்று பேசுவது சாத்தியமாயிற்று. 1990இல் கட்டளைகளின் சொற்களுக்கும் பொது வழக்கு ஏற்பட்டது. இன்று ஆய்வுகூடத்துக் கணினி, கருவியிடம் முதலில் கேட்பது ‘நீ யார்?’ என்பதே. கருவி தன்னைச் செய்தவர் பெயரையும் மாதிரியையும் தொடர் இலக்கத்தையும் சொல்லும்; ஒரு கருவியின் சான்றிதழ் வேறொன்றின் பெட்டிக்குள் போய்விடும் அபத்தம் அங்கேயே தடுக்கப்படுகிறது. அதன்பின் தொட்டிக்குக் கட்டளை போகிறது. பிரமாணமாக நிற்கும் பிளாற்றினக் கம்பி, 0 பாகையில் 100 ஓம் தடையும் 100 பாகையில் சுமார் 138.5 ஓம் தடையும் காட்டும் சுபாவமுடையது; அந்தத் தடையைக் கணினி விடாது கவனித்து, இத்தனை நிமிடத்துக்குள் இத்தனைக்கு மேல் அசையவில்லை என்று காணும்வரை அடுத்த படிக்கு நகராது. பேசத் தெரியாத பழைய கருவியானால், அதன் முகத்துக்கு எதிரே ஒரு கமராவை நிறுத்தி, எண்களைப் படத்திலிருந்து வாசிக்கச் செய்கிறார்கள்.

வேகமே இதன் லாபம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். என் அபிப்பிராயம் அதுவன்று. தொட்டி சூடாக எடுக்கும் நேரத்தை எந்தக் கணினியாலும் குறைக்க முடியாது. அநுபவசாலியான ஒருவர் மனத்துக்குள் வைத்திருந்த விவேகத்தை, எவ்வளவு காத்திருப்பது, எப்போது சந்தேகிப்பது, எந்த வாசிப்பைத் தள்ளுவது என்பதையெல்லாம், பிறர் படித்துக் குறை காணக்கூடிய விதிகளாக எழுதிவைக்க நேர்கிறதே, அதுதான் உண்மையான லாபம். ஆனால் விதியை எழுதுகிறவர் தவறினால், அந்தத் தவறு ஒரு நாளின் அசதியோடு நில்லாமல், ஒவ்வொரு கருவியிலும் ஒரேவிதமாகப் பதிந்துவிடும்.

அவ்வாறான தவறுகளில் ஒன்றை இங்கே விரித்துச் சொல்வது அவசியம். கருவி பிழையாகச் சொல்கிறது என்று கண்டவுடன், நவீன கருவிகளில் அதைச் சரிப்படுத்துவது ஒரே கட்டளையில் முடிந்துவிடும். செய்முறையை எழுதுகிறவர், அவசரத்தில், வந்த நிலையின் வாசிப்புகளைப் பதிவுசெய்யாமல் சரிப்படுத்தலையே முதற்படியாக வைத்துவிட்டால், சான்றிதழ் அழகாக இருக்கும். பிழை பூச்சியம் என்று இருக்கும். சென்ற ஆண்டு முழுவதும் அந்த வெப்பமானி அரைப் பாகை கூட்டிச் சொன்னதா, அதனால் எத்தனை குதங்களின் கணக்குப் பிசகிற்று என்பதற்கான ஒரே அத்தாட்சி அந்தக் கணத்தில் அழிந்துபோகும். வந்த நிலை, விடப்பட்ட நிலை என்ற இரண்டையும் எழுதாத அளவுத்திருத்தம் எனக்குப் பாதிப் பொய்யாகவே தோன்றுகிறது. ஆய்வுகூடங்களுக்கான சர்வதேச நியமமாகிய ஐஎஸ்ஓ 17025, இவ்விதக் கணினி முறைகளைப் பாவனைக்கு முன் பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டுமென விதிக்கிறது. அதற்குச் சிறந்த வழி, பிழை இன்னதென்று முன்பே தெரிந்த கருவியைக் கொடுத்து, யந்திரம் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பதே.

மனிதர் அடிக்கடி போக முடியாத இடங்களில் இந்தக் கலை இன்னும் நுட்பமாகிறது. சுனாமிக்குப் பிந்திய காலத்தில், தேசிய நீர்வாழ் உயிரின வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவர் நிலையமாகிய நாராவின் பொறுப்பில் கடல்மட்டத்தை இடையறாது அளக்கும் நிலையங்கள் இலங்கைக் கரையில் பெருகின. திருகோணமலையும் அவற்றில் ஒன்று. கடலடியில் இருக்கும் அழுத்த உணரி காலப்போக்கில் தன் பூச்சியத்திலிருந்து நழுவும். ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் உயரும் கடலை அளக்க வந்த கருவியே சில மில்லிமீற்றர் நழுவுமானால், எது கடல், எது கருவி? இங்கிலாந்தின் பிரவுட்மன் ஆய்வுகூடத்தார் இதற்கு 1990களில் கண்ட உபாயம், சராசரிக் கடல்மட்டத்தின் உயரத்தில் இன்னோர் உணரியைப் பொருத்துவது. நீர் வற்றும்போது அது வெளியே வந்து வாசிப்பு மாறாமல் நிற்கும். பெருகும்போது மூழ்கி மீண்டும் ஏறும். நின்ற கோடு ஏறத் தொடங்கும் கணத்தில் நீர் சரியாக அந்த உயரத்தில் இருக்கிறது என்பது நிச்சயம். ஆகவே ஆழத்து உணரியை ஒவ்வொரு வற்றுப்பெருக்கிலும் கடலே சோதித்துக் கொடுக்கிறது. திருகோணமலையில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு. இம்முறையை இங்கே கையாள்வதானால், அந்த உணரியின் உயரத்தைக் குறிப்பதில் மிகுந்த அவதானம் வேண்டும்.

ஹோமாகமை இங்கிருந்து ஏறக்குறைய ஒரு நாட் பிரயாணம். வழியிலே குலுங்கும் கருவி, திரும்பி வரும்போது சான்றிதழில் கண்ட கருவியாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆண்டுக்கொருமுறை ஒரு பிரமாண வெப்பமானியை மாத்திரம் அங்கே பத்திரமாக அனுப்பி எடுத்து, மற்றவற்றை இங்கேயே அதனோடு ஒப்பிடுவது சாலச் சிறந்தது. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினியும் பௌதிகமும் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம்: ஒரு தொட்டி, ஒரு பிளாற்றின வெப்பமானி, ஒரு கணினி, தாமே எழுதிய செய்முறை. தொடங்குவோர் தங்கள் முதல் அறிக்கையில், கருவியைச் சரிப்படுத்துவதற்கு முன் அது காட்டிய எண்ணைத் தவறாமல் எழுதட்டும்.