அக்கினி கேட்ட யோவான்



ஊழியத்தை எதிர்ப்பவர்களைச் சாத்தானின் ஆட்கள் என்று நாங்கள் ஏன் எழுதுவதில்லை என்று சிலர் கேட்கிறீர்கள். லூக்கா 9-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சமாரியக் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்க மறுத்தபோது, வானத்து அக்கினியால் அதை அழிக்கலாமா என்றார்கள் யாக்கோபும் யோவானும். ஆண்டவர் அதட்டியது சமாரியரை அல்ல, சீஷரை! அடுத்த அதிகாரத்திலேயே, காயம் கட்டுகிறவனாக ஒரு சமாரியனை நிறுத்துகிறார். (மருத்துவமனைக்காரர்களுக்குப் பிடித்த உவமை, முந்தின அதிகாரம்தான் மறந்துபோகிறது.) அக்கினி கேட்ட அதே யோவான் பின்பு பேதுருவோடு சமாரியாவுக்கே போய் ஜெபிக்கிறார்.

நம் நாட்டிலும் கண்டோம். 1999 ஜனவரியில் ஒடிசாவில் தன் கணவரையும் இரு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் மன்னித்தார். 2004 வரை பாரிபடாவிலேயே தங்கித் தொழுநோயாளருக்குத் தொண்டு செய்தார். மன்னிப்பினால் வழக்கு நின்றுவிடவில்லை. குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது.

எங்களை ஏசுகிறவரின் தாயாரும் எங்கள் வார்டில்தான் படுத்திருக்கிறார். அவருடைய மருந்துச் செலவும் உங்கள் காணிக்கையில்தான்.