மென்பொருள் புதுப்பிப்பும் ஹெட்போன் ஒலித்திருத்தமும்: கவனிக்க வேண்டியவை என்ன?

கணினியில் பாடல் கேட்போர் பலர், ஹெட்போனின் ஒலிக் குறைகளைச் சரிசெய்ய பிளக்-இன் எனப்படும் துணை மென்பொருள்களைப் பயன்படுத்தி வருகின்றனர். பிளேயர் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது இவை செயலிழக்க நேரிடலாம். அப்போது ஒலியின் தரம் மட்டுமின்றி அதன் அளவும் மாறிவிடக்கூடும்.

ஒலித்திருத்தம் ஏன்?

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை உணரும். இந்த வரம்பு முழுவதையும் சமச்சீராக ஒலிக்கும் ஹெட்போன் இல்லை எனலாம். சிலவற்றில் பாஸ் ஓங்கும். சிலவற்றில் கூர்மையான ஒலிகள் உறுத்தும். செயற்கைக் காதில் பொருத்தி அளவிட்டு, ஹார்மன் நிறுவன ஆய்வாளர்கள் வகுத்தது போன்ற இலக்கு வரைகோட்டுடன் ஒப்பிட்டு, வேறுபாட்டை ஈக்வலைசர் மூலம் ஈடுசெய்வதே ஒலித்திருத்தம். ஏராளமான ஹெட்போன் மாடல்களுக்கான இத்தகைய அளவுகளை 'ஆட்டோஈக்யூ' என்ற திறந்த மூலத் திட்டம் இலவசமாக வழங்குகிறது.

சிக்கல் எங்கே?

விண்டோஸ் பயனாளர்களிடையே அறிமுகமான 'ஃபூபார்2000' பிளேயரின் 2.0 பதிப்பு 2023-ஆம் ஆண்டு வெளியானபோது, 64 பிட் வடிவமும் அறிமுகமானது. 32 பிட் முறையில் உருவாக்கப்பட்ட பிளக்-இன்கள் அதில் இயங்காது. அவற்றை உருவாக்கியவர்களே 64 பிட் வடிவில் மீண்டும் வெளியிட வேண்டும். அதுவரை பிளேயரின் 32 பிட் வடிவத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

காதுக்கு என்ன ஆபத்து?

ஈக்வலைசரில் ஒரு பகுதியை 6 டெசிபல் உயர்த்தினால், ஒலி சிதையாமல் இருக்க ஒட்டுமொத்த அளவை 6 டெசிபல் குறைப்பது வழக்கம். பிளக்-இன் செயலிழந்தால் இந்தக் குறைப்பும் நீங்கி, பாடலின் பெரும்பகுதி திடீரென உரத்து ஒலிக்கும். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலின்படி, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்த நேரம் பாதியாகக் குறையும். அதாவது, 86 டெசிபலில் 10 மணி நேரம் மட்டுமே பாதுகாப்பானது.

செய்ய வேண்டியவை

* புதுப்பிக்கும் முன் பிளேயரின் அமைப்புகள் உள்ள கோப்புறையை நகலெடுத்து வைக்க வேண்டும்.

* பிளக்-இன்களை அதிகாரபூர்வ தளத்திலிருந்தோ உருவாக்கியவரின் பக்கத்திலிருந்தோ மட்டுமே பதிவிறக்க வேண்டும். அறிமுகமில்லாத தளங்களின் கோப்புகளில் தீங்கு விளைவிக்கும் நிரல்கள் இருக்கக்கூடும்.

* நிறுவியபின் பிளேயரை மூடித் திறந்து, பிளக்-இன் பட்டியலில் ஒலித்திருத்தம் இடம்பெற்றுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

* 'ஈக்வலைசர் ஏபிஓ' போன்று கணினி முழுமைக்குமான மென்பொருளும் இயங்கினால், ஒரே திருத்தம் இருமுறை செயல்படும். இரண்டில் ஒன்றை நிறுத்திவிட வேண்டும்.

* முதல் பாடலை ஒலி அளவைக் குறைத்து வைத்தே தொடங்க வேண்டும். ஹெட்போனை அணியும் முன் இதைச் செய்வது காதுக்குப் பாதுகாப்பு.